கை மரத்த பிறகும் வலிக்கும் புஜம்

1930-களின் நடுவில் நெய்வேலிப் பக்கம் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, ஊற்றுத் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ ஒரு பொருளும் மேலே வந்தது. பழுப்பு நிலக்கரியின் கதை அங்கே தொடங்குகிறது. 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் கரிப் படிவம் வெளிப்பட்டது. அன்றிலிருந்து பக்கெட் வீல் இயந்திரங்கள் மண்ணைச் சுரண்டுகின்றன. கன்வேயர் பெல்ட்டுகள் கிலோமீட்டர் கணக்கில் அதைச் சுமந்து ஓடுகின்றன. ஓடும் பெல்ட் உருளையைத் தொடும் இடத்தில் ஒரு சட்டைக் கை சிக்கினால் போதும், உள்ளே இருக்கும் கையையும் சேர்த்து இழுத்துவிடும். சுரங்கத்துக்கு வெளியே, கரும்பு விளையும் இதே கடலூர் மாவட்டத்தில், சாறு பிழியும் மெஷினின் உருளைகளும் விரல்களுக்கு அதே ஆபத்தை வைத்திருக்கின்றன.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கைக்கு ஒரு கணக்கு போட்டுவைத்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு. ஒரு கையில் நான்கு விரல்களும் போனால் 50 சதவீதம். அந்த எண் எங்கே போய் நிற்கும் என்பது பல நேரம் ஆபரேஷன் தியேட்டரில்தான் முடிவாகிறது.

அங்கே முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. தலைமுடியைவிட மெல்லிய இழையால் நரம்பைத் தைக்கும் இடத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூட இடைஞ்சல். அதனால் கையைத் தூக்கிப் பிடித்து ரத்தத்தை வடியவிட்டு, புஜத்தில் சுற்றிய பட்டையில் காற்றடித்து இறுக்குகிறார்கள். இதுதான் டூர்னிக்கே. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 250 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டிய அழுத்தம். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் தளராமல் நிற்கும். இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான எல்லை.

1718-ல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ழான் லூயி பெத்தி திருகாணி வைத்த பட்டையைச் செய்தார். கை கால்களை வெட்டி எடுக்கும் காலம் அது. ரத்தம் கொட்டிச் சாகாமல் இருந்தாலே பெரிது. 1873-ல் ஜெர்மனியின் கீல் நகரில் எஸ்மார்க் ரப்பர் பட்டையை விரலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றி, ரத்தத்தைப் பிழிந்து அனுப்பும் முறையைச் சொன்னார். ரப்பர் எவ்வளவு இறுகுகிறது என்று அளக்க வழியில்லை. அதனால் சில கைகள் செயலிழந்தன. அமெரிக்காவின் ஹார்வி குஷிங் 1901-ல் இத்தாலியின் பவியா நகரில் ரிவா-ரோச்சியின் ரத்த அழுத்தப் பட்டையைப் பார்த்துவிட்டு வந்தவர். 1904-ல் காற்றடிக்கும் டூர்னிக்கேயை அவர் அறிமுகம் செய்த பிறகுதான் இறுக்கத்துக்கு ஒரு எண் கிடைத்தது.

ரத்தம் நின்றது. வலி வந்தது.

பட்டை இறுகிய முதல் சில நிமிடங்களில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அரை மணி நேரம் நெருங்கும்போது புஜத்தில் ஒரு குடைச்சல் தொடங்கும். வெட்டுக் காயத்தின் சுரீர் வலி இல்லை இது. எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாத கனத்த வலி. நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். முழு மயக்கத்தில் இருப்பவருக்குக்கூட ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் மெல்ல உயரும். பட்டையைத் தளர்த்தினால் இறங்கிவிடும். வேகமாகச் செய்தி கடத்தும் தடித்த நரம்பு இழைகள் அழுத்தத்தில் முதலில் ஓய்ந்துவிட, குடைச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகள் ஓயாமல் வேலை செய்கின்றன என்பதே இதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம்.

கையை மட்டும் மரக்கவைக்கும் முயற்சியும் டூர்னிக்கே உருவான அதே காலத்தில்தான் வளர்ந்தது. 1884-ல் வியன்னாவில் கார்ல் கோல்லர் கண்ணில் கொக்கெய்ன் சொட்டு விட்டு அறுவை செய்யலாம் என்று காட்டினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட், கைக்குப் போகும் நரம்புப் பின்னலைத் திறந்து பார்த்தே அந்த மருந்தைச் செலுத்தினார். அந்தச் சோதனைகளிலேயே அவர் கொக்கெய்னுக்கு அடிமையாகவும் ஆனார். 1911-ல் ஜெர்மனியில் இருவர் தோலைத் திறக்காமலே ஊசி போட்டார்கள்: ஹிர்ஷெல் அக்குள் வழியாக, குலன்காம்ப் காறை எலும்புக்கு மேலே. குலன்காம்ப் முதலில் குத்திக்கொண்டது தன்னையே.

எஸ்மார்க்கிடம் உதவியாளராக இருந்த ஆகஸ்ட் பியர் 1908-ல் வேறு வழி கண்டார். ரத்தம் வடிந்த கையின் இரு பக்கமும் பட்டை கட்டி, நடுவில் இருக்கும் காலி ரத்தக்குழாயில் மரப்பு மருந்தைச் செலுத்தினார். டூர்னிக்கேயே மருந்தைச் சிறைவைத்தது. 1963-ல் நியூசிலாந்துக்காரரான ஹோம்ஸ் லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தை வைத்து அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். புஜ வலிக்கு ஒரு எளிய தந்திரமும் சேர்ந்தது: இரட்டைப் பட்டை. மேல்பட்டையை இறுக்கி மருந்தைச் செலுத்துவது. வலி தொடங்கும்போது, மரத்துப்போன தோலின் மேல் இருக்கும் கீழ்ப்பட்டையை இறுக்கிவிட்டு மேல்பட்டையைத் தளர்த்துவது. வரிசை மாறிவிட்டால் மருந்து முழுவதும் இதயத்துக்குப் போகும். அதனால் எந்தப் பட்டைக்கு எந்தக் குழாய் என்று தியேட்டரில் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது நல்ல வழக்கம்.

இந்தியாவில் 1847-ல் கல்கத்தாவில் முழு மயக்கம் தரும் ஈதர் வந்தது. மறு ஆண்டே குளோரோஃபார்ம். அது பாதுகாப்பானதா என்று ஆராய ஹைதராபாத்தில் 1888-லும் 1889-லும் இரண்டு கமிஷன்கள் அமைந்தன. முழு மயக்கத்துக்குச் சாதனம் வேண்டும், கவனிக்க ஆள் வேண்டும். விபத்தில் வருபவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஷிப்டுக்கு முன் சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு வயிறு நிறைந்திருக்கும்; மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கையை மட்டும் மரக்கவைத்தால் அவர் தன் மூச்சைத் தானே விடுவார். சிறிய ஊர் மருத்துவமனைகளுக்கு இந்த ஊசி எத்தனை பெரிய வரம் என்பது இங்கேதான் புரியும்.

கை அறுவையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். அவருடைய நோயாளிகளின் விரல்களில் தீ பட்டாலும் உறைக்காது. ஆனால் அந்த நோய் உடலின் குளிர்ந்த ஓரங்களைத்தான் அதிகம் தாக்கும். புஜத்தின் உணர்வு பெரும்பாலும் தப்பித்திருக்கும். விரலில் வலி அறியாதவருக்கும் பட்டையின் வலி உண்டு. பிறகு சென்னை ஸ்டான்லியில் டாக்டர் ஆர். வெங்கடஸ்வாமி கை அறுவைக்கென்று தனிப் பிரிவை வளர்த்தார். அதே ஸ்டான்லியில் 2018-ல் ஒருவருக்கு இரண்டு கைகளும் மாற்றிப் பொருத்தப்பட்டன. விபத்தில் சிதைந்த கைகளைக் காப்பதில் பெயர் பெற்ற கோவை கங்கா மருத்துவமனையை 1978-ல் தொடங்கிய டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் ஒரு மயக்க மருத்துவர்.

காறை எலும்புக்கு மேலே ஊசி போடும் காட்சி ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டது. முன்பெல்லாம் மருத்துவர் நாடித்துடிப்பை விரலால் தேடி ஊசியை இறக்குவார். "விரல்ல கரண்ட் அடிச்ச மாதிரி இருந்தா சொல்லுங்க" என்பார். அந்த ஷாக்தான் அடையாளம். பிறகு விரலைத் துடிக்கவைக்கும் கருவி வந்தது. 1994-ல் வியன்னா மருத்துவர்கள் அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே மருந்து செலுத்தியதை வெளியிட்டார்கள். இன்று திரையில் ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் திராட்சைக் கொத்தாக நரம்புகள் தெரிகின்றன. மருந்து அவற்றைச் சுற்றிப் பரவுவதும் தெரிகிறது.

இவ்வளவு துல்லியமாகப் போட்டாலும் ஒரு நரம்பு தப்பிவிடும். புஜத்தின் உள்பக்கத் தோலுக்கு வரும் அந்த நரம்பு, கழுத்திலிருந்து இறங்கும் பின்னலைச் சேர்ந்ததே அல்ல. அது மார்பில் இரண்டாம் விலா எலும்பின் கீழிருந்து கிளம்பி அக்குளைத் தாண்டி வருகிறது. மார்பகப் புற்றுக்காக அக்குளில் அறுவை செய்துகொண்ட பெண்கள் பலருக்குப் புஜத்தின் உள்பக்கம் மரத்துப்போவதும் இந்த நரம்பு அடிபடுவதால்தான். பட்டை உட்காரும் இடத்தில் இது விழித்திருக்கிறது. ஆகவே அக்குளின் முன்மடிப்பிலிருந்து பின்மடிப்பு வரை தோலுக்கடியில் ஒரு வரியாக மருந்து போடும் பழக்கம் வந்தது. அது உண்மையிலேயே பட்டை வலியைத் தடுக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. தோலின் உறுத்தல் போகிறது. தசைக்குள்ளிருந்து எழும் குடைச்சலுக்குப் பின்னல் நன்றாக மரத்திருப்பதே முக்கியம் என்பவர்கள் பலர். சில மில்லி மருந்தில் நோயாளி நிம்மதியாகப் படுத்திருப்பார் என்றால், போட்டுவிடுவதே நியாயம்.

கனடாவின் டொனால்ட் லாலோண்ட் பட்டையையே கழற்றிவிட்டார். லிக்னோகெய்னோடு அட்ரினலின் கலந்து அறுவை செய்யும் இடத்திலேயே செலுத்தி அரை மணி நேரம் பொறுத்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். பட்டை வேண்டாம், புஜ வலியும் இல்லை. அட்ரினலின் போட்டால் விரல் அழுகிவிடும் என்று தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. அந்தப் பயம் லிக்னோகெய்ன் வருவதற்கு முந்தைய மருந்துகளின் காலத்தில் பிறந்தது என்று அவர் எடுத்துக்காட்டினார். நோயாளி விழித்திருப்பதால், தசைநாணைத் தைத்த கையோடு "விரலை மடக்குங்க, நீட்டுங்க" என்று கேட்டு, தையல் எங்காவது விலகுகிறதா என்று பார்த்து, விலகினால் அங்கேயே திருத்தித் தைத்துவிட்டுத் தோலை மூடலாம். உடைந்த முன்கை எலும்புக்குத் தகடு வைப்பதில் இன்னும் பெரும்பாலும் பட்டைதான். அங்கே காறை எலும்புக்கு மேல் ஒரு ஊசியும் அக்குளில் ஒரு ஊசியும் தொடர்கின்றன.