கரப்பந்தாட்டத்தில் தடுப்பு: எழும்ப முதல் பார்க்கப் பழக்குவோம்

முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலை மைதானம் ஒன்று. பின்னேரம் நான்கு மணிக்கு மேல் கரப்பந்தாட்டப் பயிற்சி நடக்கிறது. வலையின் ஓரத்தில் கதிரை போட்டு இருக்கிறார் பழைய மாணவர் ஒருவர். இறுதிப் போரில் வலது காலை இழந்தவர். பிள்ளைகளுக்கு அவர் ‘அண்ணை’. எதிர்ப்பக்கச் செற்றரின் கையை விட்டுப் பந்து போக முன்னரே “நாலு!”, “ரெண்டு!” என்று பந்து போகப்போகும் இடத்தைச் சொல்லிவிடுகிறார். பெரும்பாலும் பிழைப்பதில்லை.

“செற்றரின்ரை தோளைப் பாருங்கோ பிள்ளையள். எங்கை குடுக்கப்போறான் எண்டு அவனே காட்டுவான்.”

நானும் பாடசாலை அணியில் வலையோரம் நின்றவன்தான். எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது, “எழும்பிக் கையை நீட்டு” என்பது மட்டுமே. பதினேழு வயதில் ஒரு போட்டியில், எதிரணி வீரரின் பாதத்தின் மேல் இறங்கிக் கணுக்கால் புரண்டது. அந்த ஆண்டு முழுவதும் மைதானத்துக்கு வெளியேதான் நின்றேன். ‘புளொக்’ என்பது கையால் செய்யும் வேலை என்று நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் கை கடைசியாக வருவது. முதலில் கண், பிறகு கால்.

விதிகள்

1991 முதல் கரப்பந்தாட்டம் இலங்கையின் தேசிய விளையாட்டு. சர்வதேச விதிப்படி வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். முன்வரிசையில் நிற்கும் மூவர் மட்டுமே தடுக்கலாம். லிபரோ தடுக்க முயல்வதே தவறு. சேர்வையும் தடுக்க முடியாது. கையை வலைக்கு மேலால் எதிர்ப்பக்கம் கொண்டுசெல்லலாம். ஆனால் எதிரணி அடித்த பின்னரே அங்கு பந்தைத் தொடலாம். தடுப்பில் பட்ட பந்து ஒரு தொடுகையாகக் கணக்கிடப்படாது. அதன் பின்னும் அணிக்கு மூன்று தொடுகைகள் உண்டு. ஆகவே பந்தை அப்படியே திருப்பி விழுத்தினால்தான் வெற்றி என்றில்லை. வேகத்தைக் குறைத்துப் பின்னுக்கு அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கண்

பார்வை போக வேண்டிய ஒழுங்கு: பந்து, செற்றர், மீண்டும் பந்து, பிறகு அடிப்பவர். புதியவர்கள் பந்தையே கடைசிவரை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். செற்றரை விட்டுப் பந்து போனதும் அதன் உயரத்தையும் திசையையும் கணித்துவிட்டு, அடிப்பவர் ஓடிவரும் கோட்டையும் அவரது தோளையும் பார்க்க வேண்டும். அண்ணை செய்வதைப் பிள்ளைகளிடமும் செய்விக்கலாம்: எழும்பாமல் நின்று, பந்து போகும் இடத்தைச் சத்தமாகச் சொல்வது மட்டுமே பயிற்சி.

எப்போது எழும்புவது? உயரமாக வந்த பந்துக்கு, அடிப்பவர் எழும்பியதற்குச் சற்றுப் பின்னர். பந்து வலையை விட்டு விலகி இருந்தால் இன்னும் தாமதமாக. நடுவில் வேகமாகக் கொடுக்கும் பந்துக்கு, அவரோடு சேர்ந்தே.

கால்

வலையிலிருந்து அரைக் கை தூரத்தில், முழங்கால் சற்று மடிந்து, கைகள் தோளுக்கு மேலே இருக்க நிற்க வேண்டும். கிட்டிய தூரத்துக்குப் பக்கவாட்டு அடி போதும். தூரத்துக்கு ஒரு காலை மற்றதற்குக் குறுக்காக எடுத்து வைத்து ஓடி, கடைசி அடியில் இரு பாதங்களையும் ஊன்றி நின்று எழும்ப வேண்டும். ஓடிய வேகத்திலேயே எழும்பினால் உடல் பக்கவாட்டில் மிதந்து, சக வீரரில் மோதும். இருவர் தடுக்கும்போது, இடத்தைத் தீர்மானிப்பவர் ஓரத்தில் நிற்பவர். நடுவில் இருந்து வருபவர் இடைவெளியை அடைப்பார்.

இறங்குவதைத் தனியாகப் பழக்குங்கள். கரப்பந்தாட்டத்தில் கணுக்கால் புரள்வது அதிகமும் வலையடியில், இன்னொருவரின் பாதத்தில் இறங்கும்போதுதான். நேராக மேலே எழும்பி, இரண்டு காலிலும், முழங்காலை மடித்து இறங்க வேண்டும். பயிற்சிக்கு முன் வலையடியில் உள்ள கல்லையும் குழியையும் பாருங்கள். மரத்தளம் இல்லாத எங்கள் மைதானங்களுக்கு இது அவசியம்.

கை

விரல்களை விரித்து, பெருவிரல்கள் மேல்நோக்கி, இரு கைகளுக்கிடையே பந்து நுழையாதபடி வைக்க வேண்டும். கையை வீசி அடிக்கக்கூடாது. வலையில் பட்டுப் புள்ளி போய்விடும். வலைக்கு மேலால் தள்ளி நீட்டினாலே போதும். ஓரத்தில் நிற்பவரின் வெளிக்கை மைதானத்தின் உட்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். உயரம் குறைந்த பிள்ளைகள் உள்ளங்கையைச் சற்றுப் பின்சாய்த்தால், பந்து மேலெழும்பித் தங்கள் பக்கமே வரும். அவர்களை ஒதுக்கத் தேவையில்லை.

அந்த மைதானத்தில் கைப்பயிற்சி கடைசி அரைமணி நேரம். வலையை ஏறக்குறைய ஒரு மீற்றருக்கு இறக்குகிறார்கள். எல்லோரும் நிலத்தில் இருக்கிறார்கள். அண்ணையும் கதிரையை விட்டு இறங்குகிறார். இது அமர்ந்திருந்து ஆடும் கரப்பந்தாட்டம், பராலிம்பிக்கில் உள்ளது. ஆண்களுக்கான வலை 1.15 மீற்றர். இதில் சேர்வையும் தடுக்கலாம். எழும்ப முடியாததால் கையின் பிழை உடனே தெரிகிறது.

நான் பார்த்த அன்று, அணியின் பலமான அடிகாரன் போட்ட முதல் சேர்வே அண்ணையின் கையில் பட்டு அவன் மடியில் விழுந்தது.

“எப்பிடி அண்ணை?”

“உன்ரை தோள் சொன்னது. அடுத்ததைப் போடு.”