புழற்கோட்டத்துச் சேற்றுக் கழனிகள்

தொண்டை நாட்டை 24 கோட்டங்களாக வகுத்துரைப்பது மரபு. அவற்றுள் ஒன்று புழற்கோட்டம். திருவொற்றியூர்க் கல்வெட்டுக்கள் அவ்வூரைப் புழற்கோட்டத்துப் புழல் நாட்டினதாகக் குறிக்கின்றன. இன்று 'புழல்' என்ற அளவிலே சென்னை மக்கள் நினைவிற்கு வருவது குடிநீர் ஏரியே. ஆயினும் அவ்வேரி நகர்க்கு நீர் தருமுன் நெல்லுக்கு நீர் தந்தது. அவ்வுண்மையை ஈண்டு ஆராய்வாம்.

நெல் விளையும் நன்செயைத் தென்னாட்டார் வயல் என்ப. தொண்டை நாட்டார் கழனி என்ப. ஏரிக்கரையின் கீழுள்ள தாழ்நிலம் மதகு நீராலும் கசிவு நீராலும் நெடுங்காலம் ஈரம் வற்றாதிருக்கும். அத்தகு நிலத்தையே பழந்தமிழர் பழனம், செறு எனவும், அதன் குழைசேற்றை அள்ளல், அளறு எனவும் வழங்கினர். ஒரு பொருளுக்கு இத்துணைச் சொற்கள் தோன்றியமை, சேற்றின் தன்மையறிந்து உழுதார் வாழ்வின் விளைவேயாம். சேறு கலக்கித் தழை மிதித்துப் பரம்படித்து நடும் தொழிலில், நீரை நிறுத்துவதினும் மிகுநீரை வடிப்பதே அரிது. ஆதலின் வரப்பும் கலிங்கலும் மதகைப் போன்றே இன்றியமையாதனவாயின.

இவற்றைப் பேணியவர் யார்? 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுச் சீமையில் பார்னார்டு என்பார் நடத்திய அளவைக் கணக்குக்கள் விடை தருகின்றன. களத்தில் நெல்லை அளக்கும்போதே கோயில், தச்சர், கொல்லர் முதலியோர்க்குரிய மேரையோடு ஏரிக்கும் பங்கு ஒதுக்கினர். கழனி ஏரியால் வாழ்ந்தது. ஏரி கழனியின் நெல்லால் வாழ்ந்தது.

1872-இல் புழல் ஏரி நீர் சென்னைக் குடிநீர்த் திட்டத்திற்குரியதாயிற்று. திறந்த வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கம் சென்றது. நகர்க்கு அது பெருநன்மையே. எனினும், நீரின் உரிமை மாறவே, களத்து நெல்லுக்கும் ஏரிக்கரைக்கும் இருந்த பிணைப்பு தளர்ந்தது. இன்று அவ்வேரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அதன் அருகிலுள்ள செங்குன்றத்து ஆலைகளில் அரைபடும் நெல்லோ, ஆந்திரத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வருகின்றது. ஏரி பெருகியது, அதன் கழனி சுருங்கியது.

ஆகவே, புழலின் வரலாற்றை நகரக் குடிநீரின் வரலாறாக மட்டும் எழுதுதல் குறையுடைத்து. கழனி மனையாகுந்தோறும் மடைச்சொல்லும் சேற்றுச்சொல்லும் உடன் மறைகின்றன. கல்வெட்டைப் படியெடுக்கும் ஆர்வத்தோடு, முதிய உழவர் வாய்மொழியையும் ஆய்வு மாணவர் இன்றே தொகுத்தல் வேண்டும். கல் காத்திருக்கும், வாய்மொழி காத்திராது.