மெதுவாகப் போனால் நியூட்டன் போதுமா?

பெங்களூரு ஸ்ரீராம்புரம் நிலையத்திலிருந்து மெட்ரோ கிளம்பும்போது, கூரைக் கம்பியில் தொங்கும் கைப்பிடிகள் எல்லாம் ஒன்றுபோலப் பின்னால் சாய்கின்றன. வேகம் சீரானதும் நேராகிவிடுகின்றன. பிரேக் பிடித்தால் முன்னால் சாய்கின்றன. இடைப்பட்ட சில நொடிகளில், ஜன்னலுக்கு வெளியே பார்க்காதவர் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கைப்பிடியை வைத்துச் சொல்ல முடியாது. கலிலியோ 1632இல் கப்பலின் கீழ்த்தள அறையை முன்வைத்துச் சொன்னதும் இதுதான்: முடுக்கத்தை உள்ளிருந்தே அறியலாம், சீரான நேர்கோட்டு ஓட்டத்தை அறிய முடியாது.

இந்த விதியை ஐன்ஸ்டைன் தகர்த்துவிட்டார் என்று நம்புவோர் உண்டு. பாடநூல்கள் அந்த அளவுக்குப் போவதில்லை. வேகம் குறைவென்றால் நியூட்டன், ஒளிவேகத்தை நெருங்கினால் ஐன்ஸ்டைன் என்று பாகம் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. முன்னது முழுப் பிழை. பின்னது பாதிப் பிழை; ஆகவே அதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இயக்கம் பார்ப்பவரைப் பொறுத்தது என்ற எண்ணம் நம் நாட்டில் பழையது. ஆரியபடர் தம் ஆரியபடீயத்தில், முன்னோக்கிச் செல்லும் படகில் இருப்பவருக்குக் கரையின் அசையாப் பொருள்கள் பின்னோக்கி ஓடுவதாகத் தோன்றுவதைக் காட்டி, விண்மீன்களின் மேற்கு நோக்கிய ஓட்டத்தை விளக்கினார். இதை வைத்துச் சார்பியலே அவர் கண்டதுதான் என்று மேடையில் முழங்குவோர், அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் எழுப்பிய மறுப்பைப் படித்துப் பார்க்கலாம். பூமி சுழன்றால் வானில் பறக்கும் பருந்து தன் கூட்டுக்கு எப்படித் திரும்பும் என்று பஞ்சசித்தாந்திகையில் அவர் கேட்டார். சிரித்து ஒதுக்கக்கூடிய கேள்வி அன்று அது. படகு உவமை தோற்றத்தை விளக்குமே தவிர, பருந்துக்குப் பதில் சொல்லாது. பருந்தும் காற்றும் பூமியின் ஓட்டத்தில் ஏற்கெனவே பங்குகொண்டிருக்கின்றன என்று சொல்ல நிலைமம் என்ற கருத்து வேண்டும். அது தெளிவாக உருப்பெற மேலும் ஆயிரம் ஆண்டுகள் ஆயின.

1905இல் ஐன்ஸ்டைன் தொடங்கியது ஒரு காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைத்து. காந்தத்தை நகர்த்தினாலும் சுருளை நகர்த்தினாலும் ஓடும் மின்னோட்டம் ஒன்றே. ஆனால் அன்றைய மின்காந்தவியல் இரண்டுக்கும் வேறுவேறு காரணம் சொன்னது. இயக்கவியலில் கலிலியோ நிறுவிய சமத்துவம் மின்சாரத்துக்கும் ஒளிக்கும் ஏன் பொருந்தக்கூடாது என்பதே அவருடைய கேள்வி. பொருந்தும் என்று கொண்டு, வெற்றிடத்தில் ஒளியின் வேகம் எல்லா நிலைமக் குறிப்பாயங்களிலும் ஒன்றே என்பதையும் சேர்த்துக்கொண்டால் ஏதோ ஒன்றைக் கைவிட்டாக வேண்டும். கைவிடப்பட்டது கலிலியோவின் விதி அன்று. 1687இல் நியூட்டன் பிரின்கிப்பியாவில் வெளிப்படையாக எழுதிவைத்த, எல்லோருக்கும் பொதுவாக ஓடும் ஒரே காலம். ஆக, பழைய இயக்கக் கருத்தின் ஒரு பாதியைக் காப்பாற்றத்தான் மறுபாதியைத் துறந்தார் என்பதே என் வாசிப்பு.

இதை வேகம் மிகுந்த பக்கத்தில் காட்டும் சான்றுக்கும் பெங்களூருவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1938இல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹோமி பாபா ‘நேச்சர்’ இதழில் எழுதிய குறிப்பில், தானே சிதையும் துகளை ஒரு கடிகாரமாகக் கருதலாம், ஓடும்போது அது சிதைய அதிக நேரம் எடுக்கும் என்று சுட்டினார். மறு ஆண்டு இந்தியா வந்தவர், போர் மூண்டதால் திரும்ப முடியாமல், ஸ்ரீராம்புரத்திலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்து காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். அவர் 1938இல் மனத்தில் வைத்திருந்தது இயற்பியலாளர் யுகாவா முன்மொழிந்த துகளை. காஸ்மிக் கதிர்களில் தரையை எட்டுவது பெரும்பாலும் வேறொரு துகளான மியூவான் என்பது பிறகே தெளிவாயிற்று. துகள் மாறியும் கடிகார வாதத்துக்குச் சேதமில்லை.

மியூவானின் சராசரி ஆயுட்காலம் 2.2 மைக்ரோ நொடி. ஒளிவேகத்தில் போனாலும் அதற்குள் 660 மீட்டர்தான் கடக்க முடியும். 15 கி.மீ. உயரத்தில் பிறந்தால், நியூட்டனின் காலத்தின்படி எழுநூறு கோடியில் ஒன்றுதான் தரைக்கு வரும். ஆனால் கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று விழுகிறது. அதன் கடிகாரம் 40 மடங்கு மெதுவாக ஓடுவதாகக் கொண்டால், வழியில் இழக்கும் ஆற்றலைக் கணக்கில் சேர்க்காவிட்டால், பாதிக்கு மேல் தப்பிவிடும். மியூவானோடு கூடவே பயணிப்பவர் தம் கடிகாரத்தில் குறை காணமாட்டார். அவருக்கு 15 கி.மீ. வளிமண்டலம் 375 மீட்டராகச் சுருங்கியிருக்கும். யார் உண்மையில் ஓடுகிறார் என்ற கேள்விக்கு இங்கும் இடமில்லை. கலிலியோ இருந்த இடத்தில்தான் இருக்கிறார்.

இனி மெதுவான பக்கம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இடைவிடாது ஓடும் மெட்ரோவின் கடிகாரம் ஒரு நொடி பின்தங்க ஒரு கோடி ஆண்டுக்கு மேலாகும். பாடநூல் இத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் சார்பியலில் ஒருவர் அளக்கும் இடத்தையும் நேரத்தையும் மற்றவர் அளவாக மாற்றும் லாரன்ஸ் உருமாற்றத்தில் இன்னோர் உறுப்பு உண்டு: வேகத்தையும் தொலைவையும் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தது. எவை ஒரே நேரத்தில் நிகழ்ந்தன என்பதைத் தீர்மானிப்பது அது. ஒரு கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு நிலையங்களுக்கு அதன் மதிப்பு நொடியின் லட்சம் கோடியில் கால் பங்கு, கண்டுகொள்ள வேண்டியதில்லை. அதே வண்டி, 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் திசையில் ஓடுவதாகக் கொள்வோம். நடைமேடையில் நிற்பவர் ‘இந்தக் கணம்’ என்று அங்கே குறிப்பதும், வண்டியில் இருப்பவர் குறிப்பதும் ஏறத்தாழ 68 நாள் வேறுபடும். வண்டி அதே வேகத்தில் சென்னைக்குப் புறப்பட்டால் நியூட்டனோடு சண்டை போட வேண்டியதில்லை. அண்டை விண்மீன் மண்டலத்துக்கு மட்டும் அவர் போதவில்லை.

அந்த 68 நாளில் அங்கு நடப்பது எதுவும் நம்மை எட்ட லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும், ஆகவே இது வெறும் கணக்குப் பதிவு என்று ஆட்சேபிக்கலாம். ஒப்புக்கொள்கிறேன், காரண காரிய வரிசை எந்தக் குறிப்பாயத்திலும் குலைவதில்லை. ஆனால் அந்தப் பதிவைத்தான் நியூட்டன் உலகுக்கெல்லாம் பொதுவான உண்மை என்றார். குறைந்த வேகம் ஒன்றே கலிலியோவின் உருமாற்றத்தைத் தந்துவிடாது என்பதை 1965இல் இயற்பியலாளர் லெவி-லெப்லான் கணித வடிவிலேயே காட்டினார்: நிகழ்வுகளுக்கு இடையிலான தொலைவு, இடைப்பட்ட நேரத்தில் ஒளி கடப்பதைவிட மிகப் பெரிதாக இருந்தால், அதே குறைந்த வேகம் முற்றிலும் வேறான எல்லைக்குக் கொண்டுபோகிறது. அங்கே இடம் எல்லோருக்கும் பொதுவாக நிற்கும், நேரம் ஆளுக்கு ஆள் மாறும். நம் மேல்நிலைப் பாடநூல்கள் வேகத்துக்கான நிபந்தனையை மட்டும் தருகின்றன. தொலைவுக்கான நிபந்தனையையும் பக்கத்தில் எழுத ஒரு வரி போதும்.