ஆமை முதல் அடல் ஆய்வகம் வரை: பள்ளி ரோபாட்டிக்ஸ் பயிலரங்குகளின் வளர்ச்சி

முன்னுரை

இடைநிலைப் பள்ளி மாணவர்கள் தம் கையாலேயே ரோபோ செய்து இயக்கும் பயிலரங்குகளுக்கு அரை நூற்றாண்டைத் தாண்டிய வரலாறு உண்டு. இக்காலத்தில் கருவிகளின் விலை சரிந்தது, உருவம் சுருங்கியது. ஆனால் மாணவர் தம் பிழையைத் தாமே கண்டு திருத்துவதற்குரிய நேரமும், அதற்குத் துணைநிற்கும் ஆசிரியரும் அதே வேகத்தில் பள்ளிகளை வந்தடையவில்லை. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

1. லோகோவும் தரை ஆமையும்

1967இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், போல்ட் பெரனெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் லோகோ என்னும் கணினி மொழி பிறந்தது. வாலஸ் ஃபியூர்ஸைக், சிந்தியா சாலமன், சீமோர் பாப்பர்ட் ஆகியோர் இதில் முதன்மைப் பங்காற்றினர். பாப்பர்ட் தென்னாப்பிரிக்காவில் பிறந்த கணிதவியலர். ஜெனீவாவில் உளவியலர் ஜீன் பியாஜேயுடன் பணியாற்றியவர். குழந்தை தன் அறிவைத் தானே கட்டியெழுப்புகிறது என்பது பியாஜேயின் கொள்கை. பிறருக்குக் காட்டக்கூடிய ஒரு பொருளைச் செய்யும்போது அந்தக் கட்டுமானம் வலுப்பெறுகிறது என்று பாப்பர்ட் அதை விரித்தார்.

1968–69 கல்வியாண்டில் லெக்சிங்டன் நகரின் மஸி பள்ளியில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் ஆண்டு முழுவதும் லோகோ பயின்றனர். அவர்கள் எழுதிய நிரல்கள் சொற்களையும் விளையாட்டுகளையும் கையாண்டன. தரையில் ஊர்ந்து கோடு வரையும் ஆமை ரோபோ அதன் பிறகே வந்தது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் 1940களின் இறுதியில் செய்த ஆமைகள் அதற்கு முன்னோடி. வால்டரின் ஆமைகள் ஒளியைத் தாமே நாடிச் சென்றன. பாப்பர்ட்டின் ஆமையோ மாணவர் இட்ட கட்டளைப்படி நகர்ந்தது. ஆராய்ச்சிப் பொருளாக இருந்த ரோபோ கற்றல் கருவியாக மாறிய இடம் இதுதான்.

ஆமையின் கல்விப் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்த மாணவர், ‘100 அடி முன்னே போ, 60 பாகை திரும்பு’ என்று மும்முறை கட்டளையிடுகிறார். முக்கோணம் மூடாமல் பாதி அறுகோணமாக நிற்கிறது. எழுந்து அந்தப் பாதையில் தாமே நடந்து பார்த்தால், திரும்ப வேண்டியது வெளிக்கோணமான 120 பாகை என்பது புலப்படும். ஒரு சுற்று முடிவதற்குள் மொத்தம் 360 பாகை திரும்பியாக வேண்டும் என்ற பொதுவிதியும் அங்கேயே பிடிபடும். விடை தவறானதும் சிவப்பு மையால் அடித்துவிட்டு நகரும் வகுப்பில் இந்தக் கண்டுபிடிப்புக்கு இடமில்லை. பாப்பர்ட் 1980இல் வெளியிட்ட ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூல் பிழைதிருத்தத்தைக் கற்றலின் நடுவில் வைத்தது இதனால்தான்.

2. கம்பியிலிருந்து விடுதலை

1985இல் எம்.ஐ.டி. மீடியா லேப் திறக்கப்பட்டது. அங்கு மிட்செல் ரெஸ்னிக்கும் ஸ்டீவ் ஆக்கோவும் லெகோ கட்டைகளையும் மோட்டார்களையும் லோகோவுடன் இணைத்தனர். அதுவரை ஆமையின் உருவம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தது. இனி எந்திரத்தின் வடிவமும் மாணவர் பொறுப்பாயிற்று. ஆனாலும் அது கணினியோடு கம்பியால் பிணைக்கப்பட்டே ஓடியது. கணினியைக் கட்டைக்குள்ளேயே வைக்கும் ஆராய்ச்சி அந்தக் கம்பியை அறுத்தது. அந்த வழியில் 1998இல் விற்பனைக்கு வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ், பாப்பர்ட் நூலின் பெயரையே தாங்கியது. மூன்று சென்சார்களையும் மூன்று மோட்டார்களையும் அதில் இணைக்கலாம்.

போட்டி மரபு தனிவழியில் வளர்ந்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ் தம் வடிவமைப்பு வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பொருள்தொகுதியைக் கொடுத்து, செய்த எந்திரங்களை மோதவிட்டார். புத்தாக்கர் டீன் காமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, ஃபிளவர்ஸின் துணையுடன் அந்த முறையை உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. 1992இல் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த முதல் போட்டியில் 28 அணிகள் கலந்துகொண்டன. ஊருக்கு முன் இயக்கிக் காட்டும் உற்சாகத்தையும் குழு உழைப்பையும் போட்டி தந்தது. அதேவேளை கெடு நெருங்கும்போது பிழையை ஆராயும் பொறுமை குறைவது அதன் இயல்பிலேயே உள்ள இடர்.

3. மலிவும் பரவலும்

2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் உருவான ஆர்டுயினோ என்னும் மின்னணுப் பலகை, தன் வடிவமைப்பை எவரும் படியெடுக்கத் திறந்துவைத்தது. 2016இல் பி.பி.சி. மைக்ரோபிட் பலகை, பிரிட்டனில் 11, 12 வயது மாணவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு இலவசமாக வழங்கப்பட்டது.

அதே ஆண்டில் இந்தியாவில் நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் தொடங்கிற்று. அவ்வியக்கத்தின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானவை. பள்ளி ஒன்றுக்கு நிறுவுவதற்கு 10 லட்சமும், ஐந்தாண்டு நடத்துவதற்கு 10 லட்சமுமாக 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. தமிழகப் பள்ளிகளும் இதில் பயன்பெற்றுள்ளன. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என 2025ஆம் ஆண்டு நடுவண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது.

முடிவுரை

மஸி பள்ளி மாணவர்களுக்கு ஒரு முழுக் கல்வியாண்டு கிடைத்தது. கோஸ்டா ரிக்காவில் 1987இல் தோன்றிய ஒமர் டெங்கோ அறக்கட்டளை, பாப்பர்ட் வழியில் லோகோ ஆய்வகங்களை நாடெங்கும் அமைத்தபோது ஆசிரியர் பயிற்சியைத் திட்டத்தின் அடித்தளமாக்கியது. படத்தைப் பார்த்துப் பாகங்களைப் பொருத்தி, அரை நாளில் சான்றிதழுடன் அனுப்பும் பயிலரங்கில் இவ்விரண்டும் இல்லை. அங்கு ரோபோ முதல்முறையே ஓடிவிடும். ஏன் ஓடியது என்பதை மாணவர் அறியமாட்டார்.

எனவே புதிய ஆய்வகங்களுக்கு மூன்று தேவைகளை இவ்வரலாறு சுட்டுகிறது. கால அட்டவணையில் வாரந்தோறும் பாடவேளை வேண்டும். மின்னணுவியலும் நிரலாக்கமும் அறிந்த, அப்பணிக்கென நேரம் ஒதுக்கப்பட்ட ஆசிரியர் வேண்டும். ஓடிய ரோபோவுக்கு மட்டுமின்றி, ஓடாமைக்குக் காரணம் கண்ட மாணவரின் குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் வேண்டும். கருவி வாங்கும் மானியத்தோடு இவற்றையும் விதியாகச் சேர்ப்பதே அரசின் அடுத்த கடமை.