அயடீன் உப்பும் ஓர் அம்மாவின் கேள்வியும்



லாச்சப்பல் கடையொன்றில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, அயடீன் உப்பாலை தைரொயிட் புற்றுநோய் வருமாமே? நான் கட்டி உப்புக்கு மாறிட்டன்." அவருக்கான பதிலே இம்மாத உரை.

அயடீன் கண்டறியப்பட்டது இந்தப் பாரிஸில்தான். நெப்போலியனின் போர்களுக்கு வெடியுப்பு தேவைப்பட்டது. அதைத் தயாரிக்கக் கடற்பாசிச் சாம்பலைப் பயன்படுத்திய பேர்னார் கூர்த்துவா, 1811 இல் அதில் அமிலம் கூடியபோது ஊதா நிற ஆவி எழுவதைக் கண்டார். 1820 இல் ஜெனீவா மருத்துவர் குவான்தே கழுத்துக் கழலைக்கு அதை மருந்தாகப் பரிந்துரைத்தார். 1922 இல் சுவிற்சர்லாந்து உப்பிலேயே அயடீனைச் சேர்க்கத் தொடங்கியது. இலங்கையில் 1995 இல் அது சட்டமாயிற்று. அப்போது எங்கள் ஆனையிறவு உப்பளம் போரினால் முடங்கிக் கிடந்தது.

"கடல் உப்புத்தானே, அயடீன் இருக்கும்" என்று நாம் நினைப்பதுண்டு. உண்மையில் கடல் உப்பில் இயற்கையாக இருக்கும் அயடீன் மிகச் சொற்பம்.

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். அயடீன் குறைந்த நாடுகளில் பொலிக்குலர் என்னும் வகை கூடுதலாகக் காணப்பட்டது. அயடீன் உப்பு வந்தபின் அதன் பங்கு குறைந்து, பப்பிலரி வகையின் பங்கு கூடியது. இது பெரும்பாலும் மெதுவாக வளர்வது. சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவது.

1986 இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கதிரியக்க அயடீன் பால் வழியாகக் குழந்தைகளின் உடலில் சேர்ந்தது. பட்டினி கிடந்த சுரப்பி அதை அதிகமாக உறிஞ்சியது. அயடீன் குறைந்த பகுதிகளில், அதே கதிர்வீச்சால் வரும் புற்றுநோய் ஆபத்து மூன்று மடங்காக இருந்ததென 2005 இல் வெளியான ஆய்வு காட்டியது.

"அப்படியென்றால் நோயாளர் தொகை ஏன் கூடியது?" என்று கேட்பீர்கள். தென்கொரியாவைப் பாருங்கள். 1993 இலிருந்து 2011 வரை அங்கு கண்டறியப்பட்ட தைரொயிட் புற்றுநோய் 15 மடங்கானது. இறப்போ கூடவில்லை. கணக்கெழுதுகிறவனுக்கு இது புரியும்: பெட்டியில் பணம் கூடவில்லை, எண்ணுகிறவர்கள்தான் கூடிவிட்டார்கள். ஸ்கான் பரிசோதனை பெருகியதால் மிகச்சிறிய கட்டிகளும் கணக்கில் ஏறின.

பிரான்சில் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமல்ல. ஆகவே வாங்கும்போது பொதியில் "இயோதே" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்காக உப்பைக் கூட்டிச் சாப்பிட வேண்டாம். ஏற்கெனவே தைரொயிட் நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு நடவுங்கள். கழுத்தில் கட்டி தெரிந்தால் தாமதியாமல் காட்டுங்கள்.

அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். பயத்தில் விட்ட உப்பை, விளங்கிக்கொண்டு திரும்ப வாங்கலாம்.