தோட்டத்துத் துப்பாக்கிகளும் ஒரு சட்டத்தின் வரலாறும்



நாட்டில் எங்கேனும் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து செய்தி வந்துவிட்டால், ஆசிரியர் அறையிலும் கோயில் மண்டபத்திலும் ஒரே வாதம் எழுகின்றது. துப்பாக்கி வைத்திருப்பவனைத் தூக்கில் போட்டால்தான் குற்றம் குறையும் என்பார் ஒரு சாரார். தண்டனையால் மட்டும் எதுவும் திருந்தாது என்பார் மறு சாரார். அமெரிக்காவைப் பாருங்கள் என்று இருவருமே சொல்வதுண்டு. மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகளின் தொகை அதிகமாக உள்ள நாடு அது. ஆனால் இந்த விவாதத்திற்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் நாட்டின் துப்பாக்கிச் சட்டம் ரப்பர்த் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த சட்டம். அதன் கீழ் முதன்முதலில் உயிரைப் பறிகொடுத்தவர்களில் நம்மவரும் உண்டு. இதனை நெகிரி செம்பிலானில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதாலேயே இதை எழுதுகின்றேன்.

முதலில், துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன?

ஜப்பானியர் ஆட்சியின்போது காட்டிலிருந்து போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கு, பிரிட்டனின் 136ஆம் பிரிவு விமானத்திலிருந்து ஆயுதங்களை இறக்கித் தந்தது. அப்படையின் இரண்டாவது படைப்பிரிவு இயங்கிய களம் நம் நெகிரி செம்பிலான். போர் முடிந்தபின், 1945 டிசம்பரில், படை கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்து வெளிவந்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி வழங்கப்பட்டது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் திரும்பி வந்தன. வராதவை காட்டில் புதைக்கப்பட்டன. ஜப்பானியர் விட்டுச்சென்றவையும் அவற்றோடு சேர்ந்தன. ஆக, பின்னாளில் எவற்றை வைத்திருந்தால் தூக்கு என்று அரசு அறிவித்ததோ, அவற்றுள் ஒரு பகுதி அதே அரசு மூன்றாண்டுகளுக்கு முன் வானிலிருந்து போட்டவைதாம்.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இரண்டு நிகழ்வுகள் சில நாள் இடைவெளியில் நடந்தன. பாடநூல்களில் பெரும்பாலும் இரண்டாவதே நினைவில் நிற்கின்றது. முதலாவது, ஜூன் நடுப்பகுதிக்கு முன்பே தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே வகைத் தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே கூட்டமைப்பாகலாம், பொறுப்பாளர்களுக்கு அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்ற விதிகளால், அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் சட்டப்படி இயங்க முடியாமற்போனது. இரண்டாவது, ஜூன் 16ஆம் நாள் பேராக் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டனர். அடுத்த இரண்டு நாள்களில் அவசரகாலம் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஜூலையில் வந்த அவசரகால விதிகள், அனுமதியின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கின. எவரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. கையில் இருந்தாலே போதும்.

அதே மாதங்களில் தோட்டங்களுக்குள் துப்பாக்கிகள் குறையவில்லை, பெருகின. துரைமார் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு மரக்காட்டைச் சுற்றினர். பங்களாக்களைச் சுற்றி மணல்மூட்டைகள் அடுக்கப்பட்டன. சிறப்புக் காவலர்களாகப் பல்லாயிரம் பேர் சேர்க்கப்பட்டனர்; பெரும்பாலும் மலாய் இளைஞர்கள், சில இடங்களில் தமிழரும். ஆகவே துப்பாக்கிக் கட்டுப்பாடு என்ற சொல்லுக்கு அன்றைய தோட்டத்தில் இருந்த பொருள் வேறு. யாரிடம் இருக்கலாம், யாரிடம் இருக்கக்கூடாது என்ற பிரிவினையே அது. பால்மரம் வெட்டும் தொழிலாளி இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில் நின்றார். இரவில் காட்டிலிருந்து வருபவன் அரிசியும் சந்தாப் பணமும் கேட்டான். அடையாள அட்டையைப் பிடுங்கிக் கிழித்தான். மரத்தை வெட்டிச் சிதைத்து வேலையைக் கெடுத்தான். காலையில் வந்த இராணுவம், அவனுக்கு அரிசி கொடுத்தது யார் என்று கேட்டது. முன்னவனுக்கு மறுத்தாலும் சாவு, பின்னவரிடம் அகப்பட்டாலும் சிறை.

இந்தப் பின்புலத்தில் கணபதியின் வழக்கைப் பார்க்க வேண்டும்.

எஸ்.ஏ. கணபதி தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். போருக்குப்பின் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். சம்மேளனம் சட்டவிரோதமானபின் தலைமறைவானார். 1949 மார்ச் 1ஆம் நாள் சிலாங்கூர் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார். அவரிடமிருந்து ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் கைப்பற்றப்பட்டதாகக் குற்றச்சாட்டு. கையில் கிடைத்த அந்தத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சென்றுகொண்டிருந்ததாக அவர் கூறினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. மார்ச் 15ஆம் நாள் மரண தண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசு கருணை காட்டுமாறு கேட்டது, பயனில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கைதானதிலிருந்து கயிறு வரை அறுபத்து நான்கு நாள்கள். அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தொழிற்சங்கத் தோழர் வீரசேனன் பாதுகாப்புப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கணபதியின் பெயரைச் சிலர் கேட்டிருப்பீர்கள். சாம்பசிவம் என்ற பெயரைக் கேட்டிருப்பவர் மிகக் குறைவு. சட்டம் படிப்பவர்கள் மட்டும் அறிவார்கள். ஜொகூரில் 1948 செப்டம்பரில் பிடிபட்ட தமிழர் இவர். துப்பாக்கி வைத்திருந்தார், தோட்டாக்கள் வைத்திருந்தார் என இரண்டு குற்றச்சாட்டுகள். தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். துப்பாக்கிக் குற்றச்சாட்டின் மீது மறுவிசாரணை நடந்து மரண தண்டனை கிடைத்தது. மறுவிசாரணையில் அவருக்கு எதிராகக் காட்டப்பட்ட வாக்குமூலத்தில், துப்பாக்கியையும் தோட்டாவையும் தாம் சேர்த்தே வைத்திருந்ததாக அவர் ஒப்புக்கொண்டதாய் இருந்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. தோட்டா வைத்திருக்கவில்லை என்று ஒருமுறை தீர்ப்பான பிறகு, அதே தோட்டாவைப் பற்றிய வாக்குமூலத்தை அது பொய்யாகவில்லை என்பதுபோல் காட்டுவது முறையன்று என்று 1950இல் கூறி, தண்டனையை அது நீக்கியது. ஒரு விடுதலைத் தீர்ப்பு அரசுத் தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பதற்கு இன்றளவும் காமன்வெல்த் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படும் வழக்கு அது. ஒரே அவசரகாலம், ஒரே வகைக் குற்றச்சாட்டு. ஒருவருக்கு மேல்முறையீடு லண்டன் வரை செல்லக் காலம் இருந்தது. மற்றவரின் கதை இரண்டு மாதத்தில் முடிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணபதியைப் பற்றி எழுதுவோர் சிலர் அன்றைய அச்சத்தையே மறுத்துவிடுகின்றனர். அது சரியன்று. காட்டிலிருந்து வந்தவர்கள் கொன்றது துரைமாரை மட்டுமன்று. கங்காணிகளையும் கிராணிகளையும் சாதாரணத் தொழிலாளரையும் கொன்றார்கள். ஓர் அரசு அந்நிலையில் ஆயுதத்தைத் தடை செய்ததைக் குறைகூற என்னால் இயலாது. என் கேள்வி வேறு. தூக்குக் கயிறு அந்த வன்முறையைக் குறைத்ததா? மரண தண்டனை விதி வந்தது 1948இல். உயிரிழப்பு உச்சத்தைத் தொட்டதோ மூன்றாண்டுகள் கழித்து, 1951இல். பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி பிரேசர் மலைச் சாலையில் கொல்லப்பட்டதும் அவ்வாண்டு அக்டோபரில்தான். அவசரகாலம் முழுவதிலும் இருநூறுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர். காட்டுப்படையைத் தளர்த்தியவை பெரும்பாலும் வேறு நடவடிக்கைகள்: உணவுக் கட்டுப்பாடு, மக்களை முள்கம்பி வேலிக்குள் குடியேற்றியமை, சரணடைந்து ஆயுதத்தைக் காட்டிக்கொடுத்தவருக்குப் பணம், பிறகு சுதந்திரம். (லயங்களையும் இடம்பெயர்த்து வேலிக்குள் அடைத்தார்கள். அந்தக் கொடுமை தனியே எழுதப்பட வேண்டியது.)

நெகிரி செம்பிலானில் மற்றொரு பாதையும் இருந்தது. இங்கே தோட்டத் தொழிலாளர் சங்கத்தை நடத்திய பி.பி. நாராயணன், புதிய சட்டத்திற்கு உட்பட்டே சங்கத்தைக் கட்டினார். 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் முதன்மைத் தலைவராக அவர் விளங்கினார். அவர் அதிகம் விட்டுக்கொடுத்தார் என்ற குறை உண்டு. அதனை இங்கே தீர்க்கப் போவதில்லை.

1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிந்தது. சட்டம் முடியவில்லை. அதே ஆண்டில் ஆயுதச் சட்டமும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டம் வந்தது. பின்னர் அதன்கீழ், கொள்ளையிலோ கடத்தலிலோ கொல்லும் அல்லது காயப்படுத்தும் நோக்குடன் சுட்டால், குண்டு எவர் மீதும் படாவிட்டாலும் தூக்கு என்றானது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தவருக்கு இச்சட்டப்படி அதிகபட்சம் பதினான்கு ஆண்டுச் சிறை. ஆனால் பாதுகாப்புப் பகுதியில் வைத்திருந்ததாக உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டினால் அன்று கட்டாய மரணம். எந்தச் சட்டத்தின்கீழ் என்பது அரசுத் தரப்பின் விருப்பமாக இருந்தது. தே செங் போ என்பவரின் வழக்கில், 1978இல், இத்தகைய விருப்புரிமை அரசமைப்புக்கு முரணன்று என்று பிரிவி கவுன்சில் கூறிவிட்டது. கம்யூனிஸ்டுகளுக்காக வகுத்த விதி கொள்ளைக்காரருக்கும் உரியதானது.

இச்சட்டங்களால் பயனே இல்லையா என்றால், உண்டு. நம் நாட்டில் சாதாரண மனிதனுக்குத் துப்பாக்கி கிடைப்பது அரிது. காட்டுப்பன்றி விரட்டும் வேட்டைத் துப்பாக்கிக்குக்கூடக் காவல்துறையின் உரிமம் வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் நடப்பவை இங்கு நடவாமைக்கு இந்த உரிமக் கட்டுப்பாடு பெருங்காரணம் என்பது என் கருத்து. அதனைத் தளர்த்தச் சொல்பவன் அல்லன் நான். உரிமமுறை செய்த நற்பணியைத் தூக்குமேடையின் கணக்கில் எழுதுவதைத்தான் மறுக்கின்றேன்.

2013ஆம் ஆண்டிற்கு வருவோம். ஜூலை 27ஆம் நாள், குற்றக் கண்காணிப்பு அமைப்பான மைவாட்ச்சின் தலைவர் ஸ்ரீ சஞ்சீவன் நம் மாநிலத்துப் பகாவ் பட்டணத்தில் சாலைச் சமிக்ஞை விளக்கருகே காரில் இருக்கையில் சுடப்பட்டார். உயிர் தப்பினார். இரண்டு நாள் கழித்துக் கோலாலம்பூரில் வங்கியாளர் ஹுசேன் நஜாடி சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு முழுவதும் நாடே இதைப் பற்றிப் பேசியது. காவல்துறை சொன்ன காரணம்: 1969ஆம் ஆண்டின் அவசரகாலச் சட்டம் 2011இல் நீக்கப்பட்டதால், விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்துவிட்டனர். வழக்கறிஞர்கள் கேட்டது: அத்தனை ஆண்டுகள் அடைத்து வைத்தும் அவர்கள் மீது வழக்குத் தொடுக்கச் சான்று சேர்க்கவில்லையா? முடிவில் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, விசாரணையற்ற தடுப்புக்காவல் வேறு பெயரில் திரும்பி வந்தது.

அந்த ஆகஸ்டில் உள்துறை அமைச்சு நாற்பத்தொன்பது குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர் தொகை 40,313. அவர்களில் இந்தியர் 28,926. நாட்டு மக்களில் அன்று நூற்றுக்கு ஏழெட்டுப் பேராக இருந்த சமூகம், கும்பல்களில் நூற்றுக்கு எழுபது பேர். இவ்வெண் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்பவர்கள் கேட்கட்டும், நானும் கேட்கின்றேன். ஆயினும் எண்ணைப் பாதியாகக் குறைத்தாலும் நம் வகுப்பறையின் கதைதான் அது.

சிரம்பான் 2, நீலாய், செண்டாயான் பக்கம் வண்டியில் செல்லும்போது பாருங்கள். வீடமைப்புத் திட்டங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்றன. 1980களிலிருந்து நாடெங்கும் ஏறத்தாழ மூன்று லட்சம் தோட்டத் தமிழர் வெளியேறியதாகப் பொதுவாகச் சொல்வர். வேலையோடு வீடும் போனது. வீட்டோடு கோயில், ஆட்டத் திடல், பிள்ளைகளை அதட்டும் பெரியவர்கள் எல்லாம் போயினர். மலிவு அடுக்குமாடிக்கு வந்த பையனை முதலில் அரவணைத்தது எண்ணைப் பெயராகக் கொண்ட ஒரு கும்பல். அவன் கையில் இருப்பது பெரும்பாலும் துப்பாக்கியன்று, பாராங் கத்தி. அதற்கு உரிமமும் இல்லை, தூக்கும் இல்லை. துப்பாக்கிச் சட்டத்தை எவ்வளவு இறுக்கினாலும் அவனை எட்டாது. ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத மாணவன் யார் என்பது நமக்குத் தெரியும். பிற்காலத்தில் அந்தப் பட்டியல்களில் ஏறும் பெயர்களைக் காவல்துறைக்கு முன்பே நாம் அறிவோம் என்று சொன்னால் சில ஆசிரியர்கள் வருந்தலாம். எனினும் உண்மை.

2023 ஜூலை 4ஆம் நாள் கட்டாய மரண தண்டனை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. துப்பாக்கிக் குற்றமும் அதில் அடக்கம். சுட்டவனுக்கு மரணமா, முப்பது முதல் நாற்பது ஆண்டுச் சிறையும் பிரம்படியுமா என்பதை இனி நீதிபதி எடை போடலாம். 1948இல் எடுத்த ஒரு முடிவு எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சற்றே தளர்ந்திருக்கின்றது.

வரலாற்றுப் பாடத்தில் அவசரகாலத்தைத் தொடும்போது, கணபதியையும் சாம்பசிவத்தையும் வெண்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, கைதான நாளையும் முடிவான நாளையும் குறிப்பேன். மாணவர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கணபதி அந்தத் துப்பாக்கியை ஏன் வைத்திருந்தார், சார்? நீதிமன்றத்தில் அவர் சொன்ன பதிலையும், நீதிமன்றம் அதனை ஏற்காததையும் சொல்வேன். பிறகு, அன்று அதே தோட்டத்தில் வேறு யார் யாரெல்லாம் துப்பாக்கி வைத்திருந்தார்கள் என்று பட்டியலிடச் சொல்வேன்.