பீரோவில் தொங்கும் பழைய கோட்டை எடைக்குப் போடாதீர்கள்



தை பிறந்தால் நம் வளாகத்தில் கல்யாணப் பத்திரிகைகள் வரத் தொடங்கிவிடும். ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளைக்கு ஒரு கோட் சூட், கூடவே அப்பாவுக்கும் ஒன்று என்பது இப்போது வழக்கம். உங்கள் பீரோவிலும் உங்கள் கல்யாணத்துக்குத் தைத்தது ஒன்று தொங்கலாம். என்னுடையது 1984-இல் தைத்தது. மார்பில் மடிந்து கிடக்கும் லேபல் அத்தனை அகலம். "இதைப் போட்டு மேடையேறினால் பழைய படத்து வில்லன்தான்" என்கிறான் மகன்.

அந்த லேபலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1960-களில் விரல் அகலத்துக்கு ஒடுங்கியது. 1970-களில் தோளைத் தொடுமளவு விரிந்தது. நம்ம ஊர் டெய்லருக்கு அது மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 1980-இல் 'அமெரிக்கன் ஜிகோலோ' படத்தில் அர்மானியின் தளர்வான கோட்டைப் பார்த்து உலகமே தளர்ந்தது. 2000-க்குப் பின் ஹெடி ஸ்லிமான் உடம்போடு ஒட்டித் தைத்தார். இப்போது மறுபடி அகலம். வணிகவியல் படித்தவனுக்கு இது விசித்திரமான தேய்மானம். துணி தேயாமலே மதிப்பு மட்டும் தேய்கிறது, பிறகு தானே ஏறுகிறது!

ஒரு முறை அரசாங்கமே மோஸ்தரை மாற்றியது. உலகப் போர்க்காலத்தில், 1942-இல், துணியை மிச்சப்படுத்த பிரிட்டன் கால்சட்டையின் அடிமடிப்பைத் தடை செய்தது. ஆண்கள் நீளமாக வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது எட்டாம் எட்வர்டைப் பற்றி. 1936-இல் முடி துறந்து வின்ட்சர் கோமகன் ஆனவர். அவருடைய அரசியலை நான் மெச்சவில்லை, தையலை மட்டும் கவனியுங்கள். 1919 முதல் 1959 வரை, நாற்பது வருடம், அவருடைய கோட்டுகள் லண்டனில் ஷோல்டே என்ற ஒரே டெய்லரிடம்தான். பெல்ட் போடும் அமெரிக்கக் கால்சட்டை ஷோல்டேக்குப் பிடிக்காது. எட்வர்டு டெய்லரை மாற்றவில்லை. கால்சட்டையை மட்டும் நியூயார்க்கில் தைத்துக்கொண்டார். புதுசு வேண்டிய இடத்தில் புதுசு, தோளுக்குப் பழகிய கை. (கடைசிவரை தொப்பையே போடவில்லை என்பது வேறு விஷயம். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

அவருடைய அப்பா ஐந்தாம் ஜார்ஜ் பழைய பாணிக்காரர். மகன் உடுத்துவது எதுவும் அவருக்குப் பிடிக்காது, குறிப்பாக அந்த அடிமடிப்பு. அப்பா காலமாகிப் பல வருடங்கள் கழித்து, அவர் 1897-இல் தைத்த கட்டம் போட்ட டார்ட்டன் சூட் மகன் கைக்கு வந்தது. முன்பக்கப் பொத்தானை எடுத்து ஜிப் வைத்தார். பிரான்சில் ஒரு விருந்தில் அதையே போட்டிருந்தார். செய்தி அமெரிக்கத் துணி வியாபாரிகளுக்கு எட்டி, சில மாதங்களில் டார்ட்டன் அங்கே புது மோஸ்தர் ஆகிவிட்டதாம். அவரே எழுதியிருக்கிறார்.

போன வாரம் என் கோட்டை டெய்லரிடம் கொண்டுபோனேன். இடுப்பைப் பிரிக்கலாம், கையை நீட்டலாம், லேபலைக்கூட ஓரளவு குறைக்கலாம், தோளில் மட்டும் கை வைக்கக் கூடாது என்றார். புதிது வாங்கும்போது நீங்களும் தோளை முதலில் பாருங்கள். எனக்குத் தோள் சரி, பொத்தான்தான் எட்டவில்லை. கூட வந்த மகன் வேடிக்கைக்கு வாங்கிப் போட்டுப் பார்த்தான். தோள் அச்சாகப் பொருந்தியது. கை அரை அங்குலம் குறைவு. உள்ளே மடித்துவிட்ட துணி இருக்கிறதாம். கண்ணாடி முன்னால் கொஞ்சம் அதிக நேரமே நின்றான். லேபலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.